ஒரு நாள் கொச்சி – குழுவாகப் போய் வர ஒரு வழிகாட்டி



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தொழில் பயிற்சி என்று நம் இதழில் நிறைய எழுதியிருக்கிறோம். இந்த முறை கொஞ்சம் வேறு விஷயம். குழுவாகச் சேர்ந்து ஒரே நாளில் ஒரு கடற்கரை நகரத்தைப் பார்த்துவிட்டு வருவது எப்படி என்று எழுதுகிறோம். "இதெல்லாம் ஒரு கட்டுரைங்களா?" என்று சிலர் கேட்கலாம். படித்து முடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஓவர்லாக் ஓட்டுகிறோம், கைமடி வேலை பார்க்கிறோம், பிசிர் வெட்டுகிறோம், செக்கிங் செய்கிறோம், அயர்ன் போட்டுப் பெட்டியில் அடுக்குகிறோம். சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வாரத் துணி துவைக்க, மாவு ஆட்ட, ரேஷன் வாங்க, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போக என்று பொழுது போய்விடும். அவசர ஆர்டர் வந்தால் அந்த ஞாயிறும் கம்பெனிக்குத்தான்.

சென்ற ஆண்டு கூட்டமைப்புக் கூட்டம் ஒன்றில், "கடலைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டோம். பாதிக்கு மேல் கைகள் மடியிலேயே இருந்தன. நாம் அடுக்கி ஒட்டி அனுப்புகிற பெட்டிகள் வாரம் தவறாமல் கடல் தாண்டிப் போகின்றன. அதை அடுக்கிய கைக்குச் சொந்தக்காரி கடலைப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் இந்தப் பயணத்துக்குத் தீர்மானம் போட்டோம். 23 பேர் போய் வந்தோம். அடுத்துப் போகிற குழுக்களுக்கு உதவட்டும் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறோம்.

ஏன் கொச்சி?

திருப்பூரிலிருந்து இரவில் ரயில் ஏறினால் காலையில் கொச்சி. மாலையில் அங்கே ஏறினால் இரவில் வீடு. லாட்ஜ் செலவு கிடையாது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு இதுதான் முதல் வசதி.

இரண்டாவது காரணம், அது நமக்கு அந்நியமான ஊர் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் என்பார்கள். நம் கொங்கு நாட்டுக்குக் காற்று வருவதும் அந்த வழியாகத்தான், பாதை போவதும் அந்த வழியாகத்தான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து இந்தக் கணவாய் வழியாக வணிகர்கள் கரூர்ப் பக்கம் வந்து போனார்கள். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் தோண்டியபோது மணி கோத்த தொழிற்கூடங்களின் அடையாளங்கள் கிடைத்தன. நம் மாவட்டத்தில் காங்கயம் பக்கத்தில் இருக்கும் படியூரின் பச்சைக்கல் ரோம் வரைக்கும் பேர் பெற்றது. கோவை வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அப்போதே நம் ஊர்க் கைவேலை கடல் தாண்டிப் போயிருக்கிறது. நாம் ஏறுகிற ரயிலும் அந்தப் பழைய பாதையை ஒட்டித்தான் போகிறது.

அந்த முசிறி, இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்ததாகச் சொல்கிறார்கள். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் அங்கே முகத்துவாரம் மண் மூடி, தெற்கே கொச்சியில் புதுவழி திறந்தது என்பது சரித்திரக்காரர்கள் கணக்கு. அதற்குப் பிறகுதான் கொச்சி பெரிய துறைமுகமானது.

முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில்

பயணம் என்று பேச்செடுத்ததும் மூன்று கேள்விகள் வரும். எங்களுக்கும் வந்தன.

1. காசு? குழுவின் சேமிப்பையோ உள்கடன் தொகையையோ இதற்குத் தொடக்கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள். நாங்கள் தனியாக ஒரு பயண உண்டியல் வைத்தோம். வாரக் கூட்டத்தில் ஆளுக்கு 20 ரூபாய். 50 வாரத்தில் 1,000 ரூபாய். இதற்கென்று தனி நோட்டு, வாரா வாரம் கையெழுத்து. நாங்கள் ஒதுக்கிய கணக்கு ஒருவருக்கு இப்படி: ரயில் போக வர 450, படகு, பஸ், ஆட்டோவுக்கு 150, சாப்பாடு, டீ 250, நுழைவுச் சீட்டு 50, அவசரத்துக்கு 100. ஆக மொத்தம் 1,000. காலைக்கும் இரவுக்கும் கட்டுச்சோறு கொண்டு போனதால் இதற்குள் அடங்கியது. கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் போவதற்கு முன் ஒருமுறை விசாரித்து, அதற்கேற்பக் கணக்குப் போடுங்கள்.

2. வீட்டில் விடுவார்களா? "பொம்பளைங்க மட்டும் தனியா எப்படிப் போவீங்க?" என்ற கேள்வி பல வீடுகளில் வந்தது. சண்டை போட்டுப் பயனில்லை. ஒரு தாளில் எல்லா விவரமும் எழுதி நகல் எடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தோம். எந்த ரயில், எந்தப் பெட்டி, எத்தனை மணிக்கு எங்கே இருப்போம், பொறுப்பாளர் இருவரின் போன் நம்பர், திரும்பி வந்ததும் வீட்டுக்கு எப்படி வருவோம் என்று எல்லாம் அதில் இருந்தது. பதில் எழுத்தில் இருந்ததால் கேள்வி குறைந்தது.

ஒரு வீட்டில் மட்டும் மாமியார் சம்மதிக்கவே இல்லை. "நீங்களும் வாங்கத்தே" என்று மருமகளே கூப்பிட்டுவிட்டார். "அப்படீன்னா சரி, என்ன பண்றீங்கன்னு நானே பாக்கறேன்" என்று அவரும் உண்டியலில் காசு போட ஆரம்பித்தார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

3. ஒரு நாள் சம்பளம் போகுமே? ஞாயிற்றுக்கிழமை வைத்தால் சம்பளம் போகாது. ஓவர்டைம் போகலாம். ஆனால் ஞாயிறு ஓவர்டைம் வருஷம் பூராவும் வரும். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியிருப்பதால், இரவில் வீட்டுக்கு வந்து சேர்கிற மாதிரி ரயில் பாருங்கள்.

ரயில் டிக்கெட்டில் கவனிக்க வேண்டியவை

சென்னையிலிருந்து திருவனந்தபுரம் போகும் மெயில், ஆலப்புழை போகும் எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகள் இரவில் திருப்பூரில் நின்று, காலையில் எர்ணாகுளம் போகின்றன. கொச்சி நகரத்தின் ரயில் நிலையம்தான் எர்ணாகுளம். டவுன், ஜங்ஷன் என்று இரண்டு நிலையங்கள் உண்டு. உள்ளூர்க்காரர்கள் நார்த், சவுத் என்பார்கள். டிக்கெட்டில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த வண்டிகள் நடு இரவு 12 மணிக்கு மேல் திருப்பூருக்கு வந்தால், டிக்கெட்டில் அடுத்த நாள் தேதி இருக்கும். சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போவோம், டிக்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி இருக்க வேண்டும். முன்பதிவுப் படிவம் எழுதும்போதே இதை இரண்டு பேர் சரிபாருங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் தொடங்குகிறது. 2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரைதான் போட முடியும். எங்கள் 23 பேருக்கு நான்கு படிவம் எழுதினோம். வயதான பெண்களுக்கு முன்பு பாதிக் கட்டணச் சலுகை இருந்தது. அது 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். எல்லோரும் அசல் அடையாள அட்டை கொண்டு போக வேண்டும்.

காலை: படகும் துறைமுகமும்

எர்ணாகுளம் ஸ்டேஷனிலேயே பெண்கள் காத்திருக்கும் அறையில் முகம் கழுவி, உடை மாற்றி, கொண்டு போன இட்லியைச் சாப்பிட்டோம். அங்கிருந்து படகுத் துறைக்கு ஆட்டோ. பழைய ஊர் எல்லாம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. போர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி என்று இரண்டு பகுதிகள். பஸ்ஸிலும் போகலாம். ஆனால் படகில்தான் போக வேண்டும். கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு இருக்கிறது, டிக்கெட் மிகவும் மலிவு. 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவும் இருக்கிறது. அது பேட்டரியில் ஓடும் ஏசி படகு. ஹைகோர்ட் துறையிலிருந்து போர்ட் கொச்சிக்கு 2024 முதல் ஓடுகிறது. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் பார்த்த மாதிரி ஆயிற்று.

படகு நகர்ந்ததும் எல்லோரும் ஒரு பக்கமாக எழுந்து நிற்காதீர்கள். படகுக்காரர் சொன்ன இடத்தில் உட்காருங்கள்.

படகில் போகும்போது தெரிகிற தீவுக்கு வில்லிங்டன் தீவு என்று பேர். மனிதர்கள் உண்டாக்கிய தீவு. முன்பு கொச்சி முகத்துவாரத்தில் பெரிய மணல் திட்டு குறுக்கே கிடந்ததால் பெரிய கப்பல்கள் வெளியே கடலிலேயே நிற்கும். 1920-ல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய எஞ்சினியர் அந்தத் திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928-ல் கப்பல் உள்ளே வந்தது. தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டித்தான் இந்தத் தீவை உண்டாக்கினார்கள்.

வடக்கே திரும்பினால் வானத்துக்கு நிற்கும் பெரிய கிரேன்கள் தெரியும். அது வல்லார்பாடம் கண்டெய்னர் முனையம். 2011-ல் திறந்தது. நம் திருப்பூர்ச் சரக்கு தூத்துக்குடி வழியாக அதிகம் போகிறது, கொச்சி வழியாகவும் போகிறது. பேக்கிங் பிரிவில் 12 வருஷமாக வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர் அந்த கிரேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, நாம ஒட்டி அனுப்பற பெட்டி இங்கதானுங்களா வரும்?" என்று கேட்டார். எல்லாம் இங்கே வராது, சிலது வரும் என்றோம். "எங்கயோ போகுதுன்னுதான் இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

சீன வலை எப்படி வேலை செய்கிறது?

போர்ட் கொச்சியில் இறங்கி நடந்தால் கரையோரமாகப் பெரிய பெரிய வலைகள் தண்ணீருக்கு மேல் தொங்கும். சீன வலை என்பார்கள். சீனாவிலிருந்து வந்த வணிகர்கள் கொண்டுவந்தது என்று ஒரு கதை, போர்ச்சுக்கீசியர்கள் மக்காவிலிருந்து கொண்டுவந்தது என்று ஒரு கதை.

அமைப்பு நம் ஊர் ஏற்றத்தைப் போலத்தான். துலா ஏற்றம் பார்த்த பெரியவர்களுக்கு உடனே புரியும். கரையில் ஒரு மரச் சட்டம். அதன் ஒரு முனையில் தண்ணீர்ப் பக்கம் வலை. மறுமுனையில் கயிறுகளில் பெரிய கற்களைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கல்லின் எடையும் வலையின் எடையும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். ஓர் ஆள் மரத்தின் மேல் நடந்து போனாலே வலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். கொஞ்ச நேரம் விட்டு, நாலைந்து பேர் கயிற்றை இழுத்தால் வலை மேலே வரும். மீன் சிக்கினால் லாபம்.

மீன்காரர்கள் நம்மையும் இழுக்கச் சொல்வார்கள். ஏதாவது காசு கொடுக்க வேண்டும், முன்பே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் தயங்கி நின்றபோது முதலில் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தது யார் தெரியுமா? நம்மைக் கண்காணிக்க வந்த அந்த மாமியார்தான்! "கெணத்துல தண்ணி எறச்ச கை இது" என்றார். சிக்கியது நாலு சின்ன மீன். சிரித்த சிரிப்பு படகுத் துறை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கரை கடலில் இறங்கிக் குளிக்க ஏற்றதல்ல. கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக் காலம், கடல் சீற்றமாக இருக்கும். அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

பழைய தேவாலயம்

வாஸ்கோடகாமா 1498-ல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கினார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 1503-ல் போர்ச்சுக்கீசியர்கள் கொச்சியில் கோட்டை கட்டினார்கள். கோட்டைக் கொச்சி என்ற பேர் அப்படி வந்தது. கோட்டை இன்று இல்லை. அவர்கள் மரத்தில் கட்டிப் பிறகு கல்லில் எடுத்துக் கட்டிய தேவாலயம் இருக்கிறது. செயிண்ட் பிரான்சிஸ் தேவாலயம் என்று பேர். இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய முதல் தேவாலயம் இதுதான் என்கிறார்கள். வாஸ்கோடகாமா 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்தபோது இங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1539-ல் அவர் எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டு போய்விட்டார்கள். அடக்கம் செய்த இடத்தில் கல் மட்டும் இருக்கிறது. 1663-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். 1795-ல் ஆங்கிலேயர்கள். கட்டடம் கை மாறிக்கொண்டே வந்தது.

உள்ளே போனால் மேலே பாருங்கள். மின்விசிறி வருவதற்கு முன் இருந்த துணி விசிறி தொங்கும். பங்கா என்பார்கள். சட்டத்தில் கட்டிய நீளத் துணி, அதிலிருந்து ஒரு கயிறு வெளியே போகும். வெளியே ஓர் ஆள் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று, வெளியே இருப்பவருக்கு வியர்வை. வாஸ்கோடகாமாவின் பேர் கல்லில் இருக்கிறது. கயிறு இழுத்தவர்களின் பேர் எங்கேயும் இல்லை.

ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும். அது முடிந்த பிறகு போங்கள்.

நம் மொழி பேசும் வண்ணாந்துறை

எல்லோரும் பார்க்காமல் விட்டுவிடுகிற ஓர் இடம் இருக்கிறது. துணி வேலை செய்கிற நாம் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது அதுதான். போர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் உள்ள தோபிகானா. ஆட்டோக்காரரிடம் பேர் சொன்னாலே போதும்.

டச்சுக்காரர் ஆட்சியில், சுமார் 300 ஆண்டுகளுக்கு முன், சிப்பாய்களின் சீருடை துவைக்கத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். டச்சுக்காரர் போய்விட்டார்கள், ஆங்கிலேயரும் போய்விட்டார்கள். இவர்கள் இருக்கிறார்கள். இன்றும் வீட்டில் தமிழ்தான். 1976-ல் பெருநகரக் கொச்சி வளர்ச்சிக் குழுமம் இப்போதுள்ள கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தது. வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் தண்ணீர்த் தொட்டி, துவைகல். குடும்பத்துக்கு ஒன்று என்று முறை வைத்து வேலை செய்கிறார்கள். ஓட்டல், ஆஸ்பத்திரி, வீடுகளிலிருந்து துணி வருகிறது.

காயப்போடும் முறையைக் கவனியுங்கள். கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் சொருகிவிடுகிறார்கள். எவ்வளவு காற்றடித்தாலும் விழாது, துணியில் கறையும் படாது, அடையாளமும் விழாது. அப்புறம் கஞ்சி, அப்புறம் இஸ்திரி. கரிப் பெட்டியும் இருக்கிறது, கரண்ட் பெட்டியும் இருக்கிறது.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தார்.

"எந்த ஊரும்மா?"

"திருப்பூருங்க ஐயா. பனியன் கம்பெனில அயர்ன் டேபிள்ங்க நான்."

"அப்ப வா, இதைப் போட்டுக் காட்டு" என்று ஒரு சட்டையை நீட்டினார். நம் உறுப்பினர் அந்தக் கனமான பெட்டியை இரண்டு கையால் தூக்கி ஒரு கை மடிப்பைப் போட்டுக் காட்டினார். பெரியவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "மடிப்பு நேரா இருக்குது" என்றார். எங்கள் கம்பெனியில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை என்று அவர் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

இது வேடிக்கை பார்க்கும் இடமல்ல, வேலை செய்யும் இடம் என்பதை மறக்காதீர்கள். கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். வழியை மறித்து நிற்க வேண்டாம்.

பிற்பகல்: மட்டாஞ்சேரி

சாப்பாட்டுக்குப் பிறகு மட்டாஞ்சேரி. இங்கே இரண்டு இடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது அரண்மனை. பேர் டச்சு அரண்மனை, கட்டியது போர்ச்சுக்கீசியர்கள்! கொச்சி ராஜாவுக்கு 16-ஆம் நூற்றாண்டில் கட்டிக் கொடுத்தார்கள். பின்னால் டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் பேர் மாறிவிட்டது. சுவரெல்லாம் ராமாயண ஓவியங்கள். பல்லக்கும் ராஜ உடைகளும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

இரண்டாவது யூதர்களின் பழைய ஜெப ஆலயம். 1568-ல் கட்டியது. 1760-ல் கட்டிய மணிக்கூண்டு பக்கத்தில் நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தரையைப் பார்த்து நடங்கள். சீனாவிலிருந்து கொண்டுவந்த நீலக்கோட்டு ஓடுகள், கையால் வரைந்தவை. ஒன்று போல் இன்னொன்று இருக்காது என்கிறார்கள். செக்கிங் பிரிவு உறுப்பினர்கள் நாலு பேர் குனிந்து ஒவ்வொன்றாக ஒப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தொழில் பழக்கம்! வெள்ளி பிற்பகல், சனி, யூதப் பண்டிகை நாட்களில் பார்வையாளர்களை விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் அரண்மனை, ஆலயம் இரண்டையும் பார்த்துவிடலாம்.

இந்தத் தெருவில் ஒரு காலத்தில் யூதக் குடும்பங்கள் நிறைய இருந்தன. 1948-ல் இஸ்ரேல் நாடு உண்டான பிறகு பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். போகாமல் இருந்தவர்களில் ஒருவர் சாரா கோஹன் என்ற மூதாட்டி. வீட்டு முன்னறையிலேயே சின்னக் கடை வைத்து, கையால் பூவேலை செய்த துணிகளை விற்று வந்தார். ஊசியும் நூலும்தான் தொழில். வயதான காலத்தில் அவரையும் கடையையும் பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் நண்பர். 2019-ல் 96 வயதில் சாராம்மா இறந்தார். அவர் பேரில் அந்தக் கடை இன்னும் இருக்கிறது. நம் தையல் குழு உறுப்பினர்கள் போனால் அந்தப் பூவேலையை நிதானமாகப் பாருங்கள்.

தெருவில் மிளகு, ஏலக்காய், சுக்கு வாசனை தூக்கும். கடைக்குள் நுழைந்தால் விலை கேட்டு, நாலு கடை ஒப்பிட்டு, பிறகு வாங்குங்கள். நம் ஊர் கடைவீதியைவிட மலிவு என்று நினைத்துப் பை நிறைய வாங்கிவிட வேண்டாம்.

பக்கத்து மாநிலத்துச் சகோதரிகள்

கேரளத்தில் நம்மைப் போன்ற குழுக்களுக்குக் குடும்பஸ்ரீ என்று பேர். 1998-ல் தொடங்கியது. இன்று 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அங்கேயும் நம்மைப் போல மூன்று அடுக்கு. தெருவளவில் அயல்கூட்டம், அதற்கு மேல் வார்டு அளவில், அதற்கு மேல் ஊராட்சி அல்லது நகர அளவில். 2017-ல் கொச்சி மெட்ரோ ரயில் தொடங்கியபோது டிக்கெட் கொடுப்பது, சுத்தம் செய்வது, வண்டி நிறுத்தம் பார்ப்பது போன்ற வேலைகளைக் குடும்பஸ்ரீ பெண்களுக்குக் கொடுத்தார்கள். 2021-ல் கொச்சி மாநகராட்சி தொடங்கிய மலிவு விலை உணவகத்தையும் அவர்களிடமே ஒப்படைத்தார்கள். அன்று ஒரு சாப்பாடு 10 ரூபாய்.

இதைக் கேட்டதும் நம் உறுப்பினர்களிடையே ஒரு பேச்சு வந்தது. கம்பெனி வாசல்களில் காலை டிபனுக்கு எவ்வளவு பேர் நிற்கிறார்கள், நாமும் குழுவாக ஒரு கேண்டீன் எடுத்து நடத்தினால் என்ன என்று. ரயிலில் திரும்பி வரும்போது ஒரு பழைய பில் பின்பக்கம் கணக்குப் போட்டார்கள். அரிசி, கேஸ், இடத்து வாடகை, ஆள் கூலி என்று. அது இன்னும் கணக்காகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த மாதக் கூட்டத்தின் பொருள் நிரலில் ஏறிவிட்டது.

போவதற்கு முன் ஒரு பட்டியல்

* பொறுப்பாளர் இரண்டு பேர். ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். படகு, பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணிக்கை.
* ஆறு பேருக்கு ஒரு சிறு அணி. தொலைந்து போனால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று காலையிலேயே ஓர் இடம் பேசிக்கொள்ளுங்கள்.
* நகை வேண்டாம். காசைப் பிரித்து வையுங்கள்.
* சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை, நாப்கின், தண்ணீர் பாட்டில், குடை, வழுக்காத செருப்பு.
* கழிவறை கண்ட இடத்தில் போய்விடுங்கள். ஸ்டேஷனிலும் அரண்மனை பக்கமும் இருக்கிறது. தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு அலைந்தால் திங்கட்கிழமை வேலை கெடும்.
* செலவுச் சீட்டுகளைப் பொருளாளர் அன்றன்றைக்கே நோட்டில் ஒட்ட வேண்டும். அடுத்த கூட்டத்தில் வரவு செலவு வாசிக்க வேண்டும்.
* திருப்பூர் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போக வேன் அல்லது ஆட்டோவை முன்பே பேசி வையுங்கள். இரவில் ஒருவரைக்கூடத் தனியாக விடக்கூடாது.

இதனால் என்ன பயன்?

கோயில் குளம் என்றால் வீட்டில் அனுப்புவார்கள். ஆஸ்பத்திரி என்றால் அனுப்புவார்கள். ஊர் பார்க்க என்றால் அது ஆண்களுக்கான செலவு என்றே பழகிவிட்டோம். நம் சம்பாத்தியத்தில், நம் கையெழுத்தில், நாமே டிக்கெட் எடுத்துப் போய் வந்தபோது சில விஷயங்கள் மாறின. அதுவரை கூட்டத்தில் வாய் திறக்காத இரண்டு பேர் அடுத்த கூட்டத்தில் எழுந்து பயணக் கணக்கை வாசித்தார்கள். முன்பதிவுப் படிவம் எழுதப் பழகிய உறுப்பினர் இப்போது தெருவில் மற்றவர்களுக்கும் எழுதிக் கொடுக்கிறார். தன் பெட்டி எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று பேக்கிங் அக்கா சூப்பர்வைசரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அந்த மாமியார்? அடுத்த பயண உண்டியலுக்கு முதல் 20 ரூபாய் அவருடையதுதான். "அடுத்து தூத்துக்குடியா, தரங்கம்பாடியா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் குழுவும் போவதென்றால் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள். வீட்டுக்குக் கொடுக்கும் விவரத் தாளின் மாதிரியும் கணக்கு நோட்டின் மாதிரியும் நகல் எடுத்து வைத்திருக்கிறோம். உண்டியலை மட்டும் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.